வேலூர்ல இருந்து கைடு வச்சு கடல் தூண்டில் ட்ரிப்: எங்க போறது, எப்ப போறது (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

பாலாத்துல தண்ணி வந்தாலே பாலத்து மேல வண்டிய நிறுத்தி போட்டோ எடுக்கற ஊரு நம்மளுது, கடல்னா சென்னைக்கோ பாண்டிக்கோ தான் போவணும். ஆனாலும் ஏரி, டேம்னு தூண்டில் போட்டு பழகின ஆளுங்க சத்துவாச்சாரில இருந்து குடியாத்தம் வரைக்கும் எக்கச்சக்கம். அவங்கள்ல பாதி பேரு இப்ப "அண்ணா, ஒரு வாட்டி கைடு வச்சு கடல்ல போடணும், எங்க போலாம்"னு கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டு முடியல, அதான் இங்க மொத்தமா எழுதிட்டேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, எந்த இடம் பெஸ்ட்டு?

இப்படி கேட்டா பதிலே கிடையாதுங்க. இடத்த கடைசில தான் முடிவு பண்ணணும். எந்த மாசம் லீவு கிடைக்குது, கூட யார் வராங்க, பிடிச்ச மீன் குழம்புக்கு வேணுமா இல்ல போட்டோ எடுத்துட்டு திரும்ப தண்ணில விடறது ஓகேவா, இத மொதல்ல சொல்லுங்க, இடம் தானா வந்து நிக்கும். நிறைய பேரு யூட்யூப்ல ஒருத்தன் ஆள் உசரத்துக்கு மீன் பிடிக்கறத பாத்துட்டு அந்த ஊருக்கு டிக்கெட் போட்டுடறாங்க, போய் இறங்கினா அந்த மீன் வர்ற மாசம் அது இல்ல, கைடு இன்னா பண்ணுவாரு பாவம், இருக்கறத காட்டுவாரு.

மாசத்துக்கு ஏன் இவ்ளோ பில்டப்பு?

நமக்கு லீவு எப்ப வரும்? ஏப்ரல் மே ஸ்கூல் லீவு, தீபாவளி, பொங்கல், அவ்ளோ தான். இப்ப அத கடலோட வச்சு பாருங்க. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்கு கரைல மீன்பிடி தடைக்காலம், விசைப்படகு கடலுக்கு போகாது, நம்ம மீன் மார்க்கெட்ல வஞ்சரம் வெலைய கேட்டுட்டு அப்படியே சிக்கன் கடைக்கு திரும்பற சீசன் அது. மேற்கு கரைல இதே தடை ஜூன், ஜூலைல வரும். நாட்டுப்படகுக்கு தடை இல்ல தான், ஆனா உங்க கைடோட போட் எந்த கணக்குல வருதுன்னு அவரையே கேட்டு தெளிவு பண்ணிக்கங்க, மீன்குஞ்சு வளர்ற நேரம் அது, குறுக்கு வழி தேடாதீங்க.

தீபாவளிய ஒட்டி அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு பருவமழை, வங்கக்கடல்ல புயல் சின்னம் வந்துச்சுன்னா கூண்டு ஏத்திடுவாங்க, ரூம் வாடகைய கட்டிட்டு ஜன்னல் வழியா மழைய பாத்துட்டு உக்காந்திருக்கணும். பொங்கல் லீவு தான் நம்ம பக்கத்துக்கு தோதான டைம், வாடைக்காத்து அடங்கி கடல் மெதுமெதுவா நிதானத்துக்கு வரும்.

பொண்ணு ப்ளோரிடால இருக்கா, ஏப்ரல் கடைசில போறோம். அங்க மீன் பிடிக்க போலாமா?

உங்களுக்கு அடிச்சது லக்கு. வேலூர் வெயிலுக்கு பயந்து அக்னி நட்சத்திரத்துக்கு முன்னாடி ப்ளைட் ஏறி புள்ளைங்க வீட்ல ரெண்டு மூணு மாசம் இருந்துட்டு வர்ற அப்பா அம்மா தான் நம்ம ஊர்ல ஜாஸ்தி, அதே ஏப்ரல், மே, ஜூன் தான் அங்க டார்பன்னு சொல்ற மீனு கரையோரமா கூட்டம் கூட்டமா வர்ற சீசன். 40, 50 கிலோ சாதாரணம், 100 கிலோ தாண்டறதும் உண்டு, ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம். இத பிடிக்கறதுக்குன்னே உலகம் பூரா இருந்து ஆளுங்க வராங்க, உங்களுக்கு தங்கற செலவும் இல்ல, சாப்பாட்டு செலவும் இல்ல, கைடு காசு மட்டும் தான்.

ஆனா ஜூன் 1-ல இருந்து நவம்பர் 30 வரைக்கும் அங்க ஹரிக்கேன் சீசன். ஜூன்ல பெருசா பயம் இல்ல, ஆகஸ்ட்ல இருந்து அக்டோபர் வரைக்கும் தான் உக்கிரம். 2017 செப்டம்பர்ல இர்மா கீஸ் தீவுங்க மேல ஏறுச்சு, 2022 செப்டம்பர்ல இயன் ஃபோர்ட் மயர்ஸ் பக்கத்த புரட்டி போட்டுச்சு. அது போக கோடைல மத்தியானம் ஆச்சுன்னா இடி மின்னல், அதனால காலைல சீக்கிரம் கிளம்பற ட்ரிப்பா புக் பண்ணுங்க. டிசம்பர், ஜனவரில போறவங்களுக்கு பெரிய டார்பன் கிடைக்கறது அபூர்வம், வடக்க இருந்து குளிர்காத்து வந்து தண்ணி சில்லுனு ஆயிடும், அப்ப ரெட்ஃபிஷ், ட்ரவுட்னு வேற மீனுங்க.

ப்ளோரிடால கீஸா, எவர்க்ளேட்ஸா, டாம்பா பக்கமா?

இது தான் சரியான கேள்வி, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

கீஸ்ன்றது மயாமிக்கு தெற்க வரிசையா இருக்கற சின்ன சின்ன தீவுங்க, ஒரே ரோடு பாலம் பாலமா கடல் மேலயே கீ வெஸ்ட் வரைக்கும் போகும். நடுவுல இஸ்லமொராடான்னு ஒரு ஊரு, தூண்டில்காரங்களுக்கு அது திருப்பதி. அங்க ஸ்பெஷல் என்னன்னா ஃப்ளாட்ஸ், அதாவது முழங்கால் தண்ணி, அடில மணலும் பாசியும் கண்ணாடியா தெரியும். மோட்டார ஆஃப் பண்ணிட்டு கைடு போட்டுக்கு பின்னாடி இருக்கற மேடை மேல ஏறி நீள கழியால சத்தமில்லாம தள்ளிட்டு போவாரு, முன்னாடி நீங்க நிக்கணும். திடீர்னு "பதினோரு மணி, நாப்பது அடி"ன்னு சொல்வாரு, போட்டோட மூக்கு தான் பன்னெண்டு மணி, அப்ப பதினொண்ணு எந்த பக்கம்னு நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அங்க வர்ற போன்ஃபிஷ்ன்ற மீன் போயே போச்சு. போலரைஸ்ட் கண்ணாடி இல்லாம அந்த மீன் கண்ணுக்கே தெரியாது. இது வேட்டை. மணிக்கணக்கா ஒண்ணும் நடக்காது. பொறுமையும் குறி பாத்து வீசற கையும் இருக்கறவங்களுக்கு சொர்க்கம், மத்தவங்களுக்கு வெயில்ல நிக்கற தண்டனை.

எவர்க்ளேட்ஸ் அப்படி இல்ல. பிச்சாவரம் பாத்திருக்கீங்களா, அந்த மாதிரி அலையாத்தி காடு, ஆனா முடிவே இல்லாம போவும். ஃபிளமிங்கோன்ற இடத்துல இருந்தோ மேற்கு பக்கம் சொக்கலஸ்கீல இருந்தோ கிளம்புவாங்க. வேர்ப்பக்கமா இரைய போட்டா ஸ்னூக் வரும், நம்ம கொடுவாவுக்கு தூரத்து சொந்தம், அதே மாதிரி வேருக்குள்ள பூந்து தங்கூசிய அறுக்கற புத்தி. கடி அடிக்கடி விழும், அலை இல்ல, வாந்தி பயமும் இல்ல. கோடைல கொசு மட்டும் சொல்லி மாளாது, ஃபிளமிங்கோ கொசுவ பாத்தா நம்ம ஊரு சாக்கடை கொசுவ கும்புடுவீங்க.

டாம்பா பக்கம் இருக்கறவங்களுக்கு தெற்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல போனா போக்கா கிராண்டே, டார்பனுக்கு பேர் போன கழிமுகம், அந்த டார்பனுக்கு பின்னாடியே சுத்தியல் தலை சுறாவும் வரும். மீன் மாட்டினப்பறம் சுறா சுத்துதுன்னு தெரிஞ்சா நல்ல கைடு உடனே லைன அறுத்து விட்டுடுவாரு, அதுக்கு கோவிச்சுக்காதீங்க, அவர் தான் நல்ல கைடு.

என்னைய கேட்டா, முத தடவை போறவங்க கீஸ் ஃப்ளாட்ஸுக்கு போகவே வேணாம். எவர்க்ளேட்ஸ் இல்லனா டாம்பா பே. பேரு பெருசுன்றதுக்காக இஸ்லமொராடா போய் ஒரு நாள் முழுக்க தண்ணிய பாத்துட்டு வந்து "மீனே இல்ல சார் அங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க, மீன் இருந்துச்சு, அவங்க கண்ணுக்கு தெரியல.

50 கிலோ மீன் இழுத்தா நம்மளால தாங்க முடியுமா? எனக்கு வயசு 58.

முடியும், பலம் பாதி, டெக்னிக் பாதி. டார்பன் கொக்கில மாட்டின உடனே தண்ணிய விட்டு மேல எகிறும், முழு உடம்பும் காத்துல, தலைய உதறும், செவுள் படபடன்னு அடிக்கற சத்தம் கேக்கும். அந்த நொடி நம்ம கை என்ன பண்ணும்னா கம்ப பின்னாடி இழுக்கும், அது தான் தப்பு. அதோட வாய் எலும்பு மாதிரி கெட்டி, கொக்கி சும்மா தொத்திட்டு தான் இருக்கும், லைன் டைட்டா இருந்தா ஒண்ணு அறுந்துடும் இல்ல கொக்கி கழண்டுடும். அது எகிறறப்ப நீங்க கம்ப மீனு பக்கம் நீட்டி முன்னாடி குனியணும், லைன் தொய்யணும், தண்ணில விழுந்ததும் திரும்ப இழுக்கணும். கைடு கத்திட்டே இருப்பாரு, "பௌ, பௌ"ன்னு, குனின்னு அர்த்தம். முதுகு பிரச்சினை, ஹார்ட் பிரச்சினை இருந்தா புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, சின்ன டார்பன் இருக்கற இடமா கூட்டிட்டு போவாரு, 10 கிலோ மீனும் அதே மாதிரி தான் எகிறும்.

பிடிச்ச மீன வீட்டுக்கு எடுத்துட்டு போய் குழம்பு வைக்கலாமா?

டார்பன், போன்ஃபிஷ் ரெண்டும் திரும்ப விட்டே ஆகணும், சட்டம். 40 இன்ச்சுக்கு மேல இருக்கற டார்பன தண்ணிய விட்டு தூக்கவே கூடாது, போட்டோ கூட போட் ஓரத்துல தண்ணில வச்சு தான். ஸ்னூக், ரெட்ஃபிஷுக்கு இவ்ளோல இருந்து இவ்ளோ நீளம் வரைக்கும் தான் எடுக்கலாம்னு அளவு இருக்கு, சின்னதும் கூடாது, ரொம்ப பெருசும் கூடாது, மூடற மாசமும் இருக்கு, ஏரியாவுக்கு ஏரியா மாறும். கைடு அளவுகோல் வச்சிருப்பாரு. குழம்பு தான் குறின்னா கைடு கிட்ட "ஸ்னாப்பர் ட்ரிப்"னு கேளுங்க, நம்ம சங்கரா வகையறா, அவரே சுத்தம் பண்ணி துண்டு போட்டு குடுப்பாரு. தலைய தூக்கி போடறதுக்கு முன்னாடி "தலை வேணும்"னு சொல்லிடணும், அவங்களுக்கு அது குப்பை.

ஒரே ஒரு எச்சரிக்கை. நம்ம ஊர்ல சீலா மீன (பாரகுடா) ஆசையா வாங்கி சாப்பிடறோம், அங்க கீஸ் பக்கம் பவளப்பாறைல பிடிச்ச பெரிய சீலாவ சாப்பிடாதீங்க. சிக்வடேரான்னு ஒரு விஷம், பாறைல வளர்ற நுண்ணுயிர்ல ஆரம்பிச்சு சின்ன மீன் வழியா பெரிய மீனுக்கு வந்து சேரும், எவ்ளோ கொதிக்க வச்சாலும் போகாது, மசாலா எவ்ளோ போட்டாலும் தெரியாது. கைடு வேணாம்னா வேணாம்.

லைசென்ஸ் எடுக்கணுமா?

ப்ளோரிடால காசு குடுத்து லைசென்ஸ் உள்ள சார்ட்டர் போட்ல போனா கேப்டனோட லைசென்ஸ்லயே நீங்களும் அடக்கம். கரைல நின்னு தனியா போடறதுனா வெளியூர்க்காரங்களுக்கு லைசென்ஸ் வேணும், மூணு நாளைக்கு 17 டாலர், ஏழு நாளைக்கு 30. டாம்பா பக்கம் பழைய ஸ்கைவே பாலத்த மீன் பிடிக்கறதுக்குன்னே விட்டு வச்சிருக்காங்க, அந்த பாலத்துக்கு தனி லைசென்ஸ் வேணாம், ஆனா பெலிக்கன் பறவைங்க லைன்ல மாட்டி சாவுதுன்னு 2023-ல ரூல்ஸ டைட் பண்ணி ஒரு சின்ன ஆன்லைன் பாடம் முடிக்கணும்னு வச்சிட்டாங்க. போறதுக்கு முன்னாடி தொறந்திருக்கான்னு பாத்துக்கங்க. கைடு ட்ரிப்புக்கு முன்னாடி மாப்பிள்ளையோட ஒரு சாயங்காலம் அங்க போய் கை பழகறது நல்லது.

செலவு?

தனி கைடுன்னா நாலு மணி நேரத்துக்கே பல நூறு டாலர், ஆளுக்கு இல்ல, போட்டுக்கு. ஃப்ளாட்ஸ் போட்ல ரெண்டு பேர் தான் வசதி, பெரிய போட்ல ஆறு பேர் வரைக்கும். கம்மில முடிக்கணும்னா பார்ட்டி போட், பத்து இருபது பேர் வரிசையா நின்னு போடறது, ஆளுக்கு இவ்ளோன்னு வாங்குவாங்க, தனி கைடுல பாதி கூட ஆகாது. கடைசில 15ல இருந்து 20 சதவீதம் டிப்ஸ் எதிர்பார்ப்பாங்க, அத கணக்குல சேர்த்துக்கங்க, அங்க போய் முகத்த பாத்துட்டு நிக்கக்கூடாது.

அமெரிக்கா எல்லாம் வேணாம் சார், இந்தியாக்குள்ள சொல்லுங்க.

அந்தமான், கண்ண மூடிட்டு. சென்னைல இருந்து ப்ளைட்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள, இந்தியர்களுக்கு போர்ட் ப்ளேர் போக பெர்மிட்டும் வேணாம் (2024-ல பேர ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, புக்கிங் சைட்ல ரெண்டு பேரும் வரும், குழம்பாதீங்க). ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் கடல் தட்டு மாதிரி இருக்கும். அங்க ஹீரோ யாருன்னா ஜிடி, ஜயண்ட் ட்ரெவல்லி, நம்ம பாறை மீன் ஜாதிலயே பெருசு, 20, 30 கிலோ. அது போக டாக்டூத் சூரை, மயில் மீன், வாஹூ. பெரும்பாலான கைடுங்க ஜிடிய திரும்ப விட்டுடுவாங்க, சாப்பாட்டுக்கு வேற மீன் ஒண்ணு ரெண்டு எடுத்துக்கலாம்.

ஆனா உடம்பு ஒத்துழைக்கணும். பாப்பர்னு ஒரு போலி இரை, மரக்கட்டையோ பிளாஸ்டிக்கோ, 150, 200 கிராம் கனம், அத பாறை மேல அலை உடையற இடத்துக்கு வீசி சடக் சடக்னு இழுக்கணும், அது தண்ணிய வாரி அடிக்கற சத்தத்துக்கு தான் ஜிடி வரும். இத காலைல ஆறு மணில இருந்து திரும்ப திரும்ப. பத்தாவது வீச்சுல தோள்பட்டை பேச ஆரம்பிக்கும். அடிக்கும்போது தண்ணில குழி விழும், அடுத்த செகண்ட் ரீல் கத்தும், அப்ப நீங்க அசந்தா மீன் பாறைக்குள்ள பூந்து முடிச்சிடும். அம்பது வயசுக்கு மேல இருக்கறவங்களுக்கு ஜிக்கிங் (கனமான போலி இரைய ஆழத்துல இறக்கி மேலயும் கீழயும் ஆட்டறது), ட்ரோலிங் (ஓடற போட்டுக்கு பின்னாடி இரைய இழுத்துட்டு போறது)னு மாத்தி மாத்தி பண்ணலாம்னு கைடு கிட்ட முன்னாடியே பேசிடுங்க. ஆதிவாசி தீவுங்க பக்கம், முக்கியமா வடக்கு சென்டினல், "பாத்துட்டு வரலாம்"னு எவனாவது ஆசை காட்டினா அந்த போட்லயே ஏறாதீங்க, சுத்தி 5 கடல் மைல் தடை.

லட்சத்தீவு, மாலத்தீவு, ஓமன்?

லட்சத்தீவுக்கு இந்தியர்களுக்கே பெர்மிட் வேணும், கொச்சில இருந்து அகத்திக்கு ப்ளைட், அங்க கழியால சூரை பிடிக்கற கலைய பாக்கறதே ஒரு அனுபவம், ஆனா பிளான் பண்ண டைம் வேணும். மாலத்தீவு ஃபேமிலிக்கு நல்லது, நீங்க கடல்ல, அவங்க பீச்ல, சண்டை வராது. ஓமன் தெற்க, ஹல்லானியாத் தீவு பக்கம், ஜிடி வெறி பிடிச்சவங்களுக்கு மட்டும், ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பருவக்காத்துல கடல் கொந்தளிக்கும், தீபாவளிக்கு அப்பறம் தான் தொறக்கும். மஸ்கட்ல வேலை பாக்கற சொந்தக்காரங்க நம்ம பக்கம் நிறைய, அவங்க லீவ கேட்டுட்டு பிளான் பண்ணுங்க.

பக்கத்துலயே ஒரு நாள்ல போய்ட்டு வர்ற மாதிரி?

சென்னை, பாண்டி ரெண்டுலயும் போட் கிடைக்கும், காட்பாடில நைட்டு ட்ரெயின் ஏறி விடியக்காலைல கடலுக்கு போய்டலாம். ஒரு பெரிய ட்ரிப்புக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி இங்க ஒரு அரை நாள் போய் உங்க வயிறு கடல தாங்குதான்னு பாத்துடுங்க. பழவேற்காடு ஏரி அமைதி, கொடுவா, மடவை இருக்கு, ஆனா அங்க பறவைகள் சரணாலயமும் இருக்கு, பக்கத்துல ஸ்ரீஹரிகோட்டாவும் இருக்கு, ராக்கெட் விடற நாள்ல கடல்ல போக விடமாட்டாங்க, தேதிய பாருங்க. ராமேஸ்வரம், தூத்துக்குடி பக்கம் போறவங்க மன்னார் வளைகுடா தேசிய பூங்காவோட 21 தீவுங்கள்ட்ட இருந்து தள்ளி இருங்க. பாக் நீரிணைல சர்வதேச எல்லை விஷயம் நமக்கே தெரியும், மீனவங்களுக்கே அவ்ளோ கஷ்டம், பொழுதுபோக்குக்கு போற நாம அந்த பக்கம் எட்டியும் பாக்கக்கூடாது.

நல்ல கைடுன்னு எப்படி கண்டுபிடிக்கறது?

போன் பண்ணி "இந்த மாசம் என்ன மீன் வரும், எது வராது"ன்னு கேளுங்க. "எல்லாம் வரும் சார், வாங்க"ன்னு சொன்னா போன வச்சிடுங்க. "இந்த மாசம் அது கஷ்டம், இத ட்ரை பண்ணலாம், காத்து இந்த பக்கம் அடிச்சா இன்னொரு இடம் போலாம்"னு சொல்றவர் தான் கடலுக்கு தினம் போறவர். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒண்ணு இருக்கா, விஎச்எஃப் ரேடியோ (கடல்ல இருந்து பேசற வயர்லெஸ்) இருக்கா, அமெரிக்காவா இருந்தா கோஸ்ட் கார்டு லைசென்ஸ் இருக்கா, கம்பு ரீல் எல்லாம் அவங்களதா, காத்து ஜாஸ்தின்னா யார் கேன்சல் பண்ணுவாங்க, இதயும் கேளுங்க. போட்டோக்கு மீன எவ்ளோ நேரம் தூக்கி வச்சிருக்காருன்னு அவர் பேஜ்ல பாருங்க, காஞ்சு போன மீன கட்டிப்பிடிச்சு போஸ் குடுக்கற கைடு எனக்கு பிடிக்காது.

வாந்தி வருமோன்னு பயமா இருக்கு.

மாத்திரை வாந்தி வந்தப்பறம் போட்டா வேலைக்காகாது, முன்னாடியே போடணும், சிலது தூக்கம் வரவைக்கும், சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர கேட்டுட்டு போடுங்க, நம்ம ஊர்ல டாக்டருக்கா பஞ்சம். முந்தின நாள் நைட்டு பிரியாணிய விட்டுடுங்க (ஆம்பூர்காரங்க மன்னிக்கணும்). போட்ல ஏறினா செல்போன பாக்காம தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்ட பாருங்க. அதுவும் சரிப்படாதுன்னா எவர்க்ளேட்ஸ், பழவேற்காடு மாதிரி அலை இல்லாத இடமா எடுங்க.

சாப்பாடு, சாமான் என்ன எடுத்துட்டு போலாம்?

புளி சாதம், சப்பாத்தி, தண்ணி தாராளமா. ப்ளோரிடால வாழைப்பழம் மட்டும் எடுத்துட்டு போவாதீங்க, போட்ல வாழைப்பழம் இருந்தா மீன் மாட்டாதுன்னு அங்க கேப்டனுங்க நிறைய பேருக்கு நம்பிக்கை, பாத்தா கடல்ல வீசிடுவாங்க. முழுக்கை சட்டை, தொப்பி, முகத்துக்கு துணி. கொக்கி, கத்தி, கட்டர் எல்லாம் செக்-இன் பேக்ல தான், கேபின்ல எடுத்தா ஏர்போர்ட்லயே போயிடும். இன்னொண்ணு, பையன் அமெரிக்கால இருந்து சாட்டிலைட் மெசேஜ் கருவி வாங்கி குடுத்தா அத அந்தமானுக்கு எடுத்துட்டு போவாதீங்க, இந்தியால அனுமதி இல்லாம வச்சிருந்தா கேஸ் ஆயிடும்.

அட்வான்ஸ் எப்ப கட்டறது?

அமெரிக்கான்னா பாஸ்போர்ட்ல விசா ஒட்டினப்பறம் தான். அந்தமான்னா தேதிக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒவ்வொரு நாள் சும்மா விட்டு ப்ளைட் போடுங்க, காத்து அடிச்சு ஒரு நாள் போனா அடுத்த நாள் போலாம். புயல் எச்சரிக்கை வந்தா பணம் திரும்ப வருமா இல்ல வேற தேதி தான் குடுப்பாங்களான்றத வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்கிட்டு அனுப்புங்க.